பஸ்ஸில் ஏற்றிய பெடியனின் படம்

இன்று மத்தியானம் லிங்கநகர்க் கடையில் நின்றபோது ஓர் அம்மா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்கள்தானே ரீவிக்குப் படம் எடுக்கிறனீங்கள்?"

"ஓம் அம்மா."

போன கிழமை துறைமுகப் பக்கம் படையினர் நடத்திய சுற்றிவளைப்பை நான்தான் எடுத்தேன். பிடித்தவர்களை பஸ்ஸில் ஏற்றியது மாலைச் செய்தியில் போனது. நீலச் சேட்டுடன் ஏறியவன் அவருடைய மகனாம்.

"முகாமில போய்க் கேட்டால், அப்பிடி ஒருத்தரையும் பிடிக்கேல்ல எண்டுறாங்கள். உங்கட படத்தைக் காட்டினால் மறுக்க ஏலாதுதானே?"

ரீவி நிலையம் எங்களுக்குத் தந்திருப்பது நாலே நாலு வீடியோ கசெற். செய்தி போனதும் அதிலேயே அடுத்ததை எடுப்போம்.

"அழிஞ்சு போச்சு அம்மா. நான்தான் அதுக்கு மேல வேற எடுத்தனான்."

"என்ன எடுத்தனீங்கள்?"

"பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா."

என் கையை விட்டார்.

"அது வடிவா வந்ததோ, தம்பி?"

வீட்டுக்கு வந்து கொழும்பு நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஓடின செய்தியை ஆர் ஐசே வைச்சிருக்கிறது?" என்று எடிட்டர் சிரித்தார்.

உங்களில் யாராவது வீட்டில் ரீவி நாடகத்தை வீடியோவில் பதியப் போய், தப்பித்தவறி அந்தச் செய்தியையும் பதிந்து வைத்திருக்கிறீர்களா? எங்களைவிட உங்கள் வீட்டு அலுமாரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.