ஐந்து வருடச் சான்றிதழ்

ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பகுதியில் வேலை செய்கிறேன். யார் இந்த நாட்டில் தங்குவார், யார் கிளம்புவார் என்பது ஆளின் முகத்தைவிட அவருடைய சம்பளச் சீட்டில் எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். அமெரிக்க நிறுவனம் அனுப்பிவைத்தவர் என்றால் ஒரு சான்றிதழோடு வருவார். சாதாரணமாக ஐந்து வருடம் வரை அவருடைய பென்ஷன் கழிவு அமெரிக்காவுக்கே போகும். நோர்வே அதற்காக எதுவும் பிடிக்காது. தங்க நினைப்பவர் இங்குள்ள நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் எழுதி, எங்களைப்போல இந்த நாட்டுக் காப்புறுதிக்குள் வந்துவிடுவார்.

கட்டப்போகிறேன் என்று மகள் ஒருவரைக் கூட்டிவந்தபோதும் என் புத்தி அங்கேதான் போனது. நியூ ஜெர்சியில் பிறந்து, ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்தவர். தாய் தகப்பன் தமிழ்நாடு. ஞாயிறு பூசை முடிந்து, ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டில் சாப்பாடு. கணவருக்கு அன்று வேலை, ஆகவே விசாரணை முழுவதும் என் கையில்.

"தம்பி, சம்பளத்திலை பென்ஷனுக்கு எங்கை பிடிக்கினம்? இஞ்சையோ, அங்கையோ?"

நண்டுக்கறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளை திகைத்துப்போனார். என்ன வேலை, எந்தக் கோயில் என்ற கேள்விகளுக்குத்தான் தயாராகி வந்திருப்பார்.

"அங்கதான் ஆன்ட்டி. சோஷியல் செக்யூரிட்டி. அஞ்சு வருஷத்துக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கு."

"அப்ப நீங்கள் திரும்பிப் போற ஆள்."

எனக்கு ஒரே பிள்ளை. அவள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மென்று விழுங்கிப் பேசவும் எனக்கு வராது.

"இஞ்சத்தைய கொம்பனியோடை ஒப்பந்தத்தை மாத்துங்கோ. பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார்.

"அம்மா, அவர் மாத்தத்தான் நிண்டவர்" என்றாள் மகள். "நான்தான் வேண்டாம் எண்டனான்."

"ஏன்?"

"அந்த அஞ்சு வருஷம் முடிய நானும் அங்கை போய் இருக்கப்போறன். இவர் கேட்டு இல்லை. எனக்குத்தான் விருப்பம்."

அவர் மெதுவாகத் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவைத்தார். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. பிறகு ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பிள்ளையைத் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்பதுதான் பெரிய கோபம். மகளோடு கோபிக்கவோ மனம் வரவில்லை. துக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டோ? அங்கை பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேலை செய்திருக்க வேணுமாம். அப்ப நான் இஞ்சை வேலை செய்த வருஷமெல்லாம் வீணாப் போயிடுமோ?"

இந்த விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. வேறு எங்கும் போய்க் கேட்கவும் மாட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், யோசிப்பாள், தயங்குவாள். அந்த ஓம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை பிள்ளை" என்றேன். "ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அங்கத்தைய வருஷம் காணாட்டி இஞ்சத்தையதையும் சேர்த்துப் பாப்பினம். ஒண்டும் வீணாப் போகாது. நீ போகலாம்."