ஏழாம் தூணில் அடித்த ஃபிளாஷ்

இதில் ஒரு வரிகூட ஜோடித்ததில்லை. 1994-ஆம் வருஷம், ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.10 தொடங்கி மாலை 6.52 வரை, ஓசூர் சிப்காட்டில் ஒரு பழைய ஷெட்டுக்குள் நடந்தது. நடந்தது சென்னகிருஷ்ணனுக்கு. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் அவன். கல் உடைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளை. செத்தவனுக்குப் பயந்து பழக்கமில்லை. மேஸ்திரிக்குப் பயந்துதான் பழக்கம்.

ஒன்பது வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். தகடு வைக்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், டம் என்று நூறு டன் இறங்கும், எடுக்க வேண்டும். மறுபடி தகடு. பத்து விரலோடு வெளியே வந்ததே போதும் என்று மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, பாகலூர் ரோட்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டான். ஓடவில்லை. பழைய சூப்பர்வைசர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், இடம் இருக்கிறது வா என்று. உயிரே போனாலும் பிரஸ்ஸுக்குத் திரும்புவதில்லை என்று பெண்டாட்டி ஜோதியம்மாளிடம் சொல்லியிருந்தான். "போவாத. ஆனா அடுப்புல போட்டோவையா வேக வெக்கறது?" என்று அவள் கேட்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் பர்சனல் ஆபீசர் பாஸ்கரன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கம்பெனிகளுக்குள்ள கபடிப் போட்டி. மழைங்கிறதால பழைய ஷெட்டுக்குள்ள வெக்கிறோம். போன வருஷத்துப் படத்தப் பாரு. பாடிப் போறவன் மூஞ்சி புகை மாதிரி இருக்குது."

"உள்ள வெளிச்சம் பத்தாதுங்க சார். கேமரா மேல ஃபிளாஷ் வெச்சு அடிச்சா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடும்."

"அது உன் பாடு. இருபது படம் வேணும். வேர்வை தெரியணும். செவ்வாக்கிழமை என் டேபிள்ல இருந்துச்சுன்னா ஆயிரத்து நூறு பேருக்கும் ஐடி கார்டு போட்டோ உனக்கு. வருஷா வருஷம் உனக்கு. இல்லாட்டி பெங்களூர் ஆளு."

ஸ்டுடியோ நிற்பதும் விழுவதும் அந்த இருபது படத்தில் இருந்தது.

மைதானத்துக்கு இரண்டு பக்கமும் உயரத்தில் பக்கத்துக்கொரு ஃபிளாஷ் கட்டி, கையிலிருக்கிற கேமராவிலிருந்து அடிக்க வேண்டும். அதற்கு ஒயர் இல்லாத சாமான் வேண்டும். மறுநாளே ஜூஜுவாடிக்கு பஸ் ஏறினான். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஃபக்ருதீன் பாய் கடை. பழைய டேப்ரெக்கார்டர், பழைய கேமரா எல்லாம் கிடைக்கும்.

பாய் மூன்று சாமான் எடுத்து வைத்தார். முதலாவது, நீள ஒயர். ஆடுகிறவன் கால் மாட்டினால் ஃபிளாஷும் போகும், ஆளும் போவான். இரண்டாவது, கண்ணு. கட்டைவிரல் அளவுதான். எங்கே வேறு ஃபிளாஷ் மின்னினாலும் இதுவும் சேர்ந்து அடிக்கும். விலை மலிவு. ஆனால் கம்பெனி ஆபீசர்களின் பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு கேமராவோடு வருவார்கள். அவர்கள் அடிக்கிறதற்கெல்லாம் இது அடித்துத் தீர்த்துவிடும். மூன்றாவது, ரேடியோ. கேமரா மேல் உட்கார ஒரு டப்பா, ஃபிளாஷோடு கட்ட இரண்டு டப்பா. பெயர் கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது. புதுசின் விலையில் கால்வாசி.

"இத வேணாம்னு சொல்லுவேன் கிருஷ்ணா," என்றார் பாய். "ரெண்டு தடவ திரும்பி வந்துடுச்சு."

"ஏன் பாய்?"

"தானா அடிக்குதாம்."

வியாபாரி தன் சரக்கையே குறை சொன்னால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்கும். வேறு எவனுக்கோ கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார் என்று சென்னகிருஷ்ணன் முடிவு கட்டினான். தன் ஃபிளாஷை எடுத்து ஒரு டப்பாவில் மாட்டி அடித்துப் பார்த்தான். பளிச். இன்னொன்றை எடுப்பதற்குள் வெளியே ஜீப் சத்தம். வரி ஆபீஸ்காரர்கள். பாய் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு, "எடுத்துக்கினு ஓடு. ரெண்டும் ஒண்ணுதான்," என்று தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ஷெட் வாசலில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. உள்ளே தூண்களுக்கு நம்பர் எழுதியிருந்தது. வலது வரிசைத் தூணில் ஒரு ஃபிளாஷ் கட்டினான். இடது வரிசையில் ஏழாம் தூணில் இன்னொன்று. மணி 2.10. அடித்துப் பார்த்தான். இரண்டும் பளிச்.

ஒரு தொல்லை இருந்தது. கேமரா மேல் இருக்கிற டப்பாவில் ஒரு லாக் பட்டன். அதை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் படம் எடுக்கும்போது ஃபிளாஷுக்குச் சேதி போகும். ஆனால் லென்ஸைத் திருப்புகிற கையும் இடது கைதான். சென்னகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. ஒரு தீக்குச்சியை ஒடித்துப் பட்டன் இடுக்கில் செருகி, மேலே டேப் சுற்றினான். பிரஸ் ஷாப்பில் எல்லோரும் செய்கிற காரியம். அங்கே இரண்டு பட்டன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும், கை அடியில் சிக்காது. ஆனால் ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று கேட்பார்களே. ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம்.

முதல் ஆட்டம் நன்றாகப் போனது. பாடிப் போகிறவன் தாவும்போது அழுத்தினான். இரண்டு பக்கமும் வெளிச்சம் சரியாக விழுந்தது.

2.41. விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. மைதானம் காலி.

பளிச்.

ஏழாம் தூண். சென்னகிருஷ்ணன் கேமராவைப் பார்த்தான். விரல் பட்டனிலேயே இல்லை. வலது பக்க ஃபிளாஷ் சும்மா இருந்தது.

பளிச்.

குச்சிதான் காரணம் என்று நினைத்தான். டேப்பைப் பிய்த்துக் குச்சியை எடுத்தான்.

பளிச்.

கேமரா மேலிருந்த டப்பாவின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான்.

பளிச்.

எவனோ இன்னொரு டப்பாவோடு உள்ளே நின்று விளையாடுகிறான். பெங்களூர் ஆளாக இருக்கும். சென்னகிருஷ்ணன் ஷெட்டைச் சுற்றி வந்தான். கேமரா வைத்திருந்த ஒவ்வொருவனின் கையையும் பார்த்தான். பிள்ளைகள்தான். கேட்டில் போய் வாக்கிடாக்கி இருக்கிறதா என்று கேட்டான். விசில்தான் இருக்கிறது என்றார்கள். கிரேன் மோட்டார் ரேடியோவைக் குழப்புகிறதா என்று மேலே பார்த்தான். கிரேனைக் கழற்றி எடுத்துப் போய் வருஷம் ஆகிவிட்டது, தண்டவாளம்தான் இருந்தது.

அடுத்த ஆட்டம் ஆரம்பித்தது. பேட்டரியைப் போட்டுக் குச்சியைச் செருகினான். உடனே ஒழுங்காகிவிட்டது. அவன் அழுத்தினால் அடித்தது. அழுத்தாவிட்டால் இல்லை.

ஆட்டம் முடிந்தது. 3.26. பளிச்... பளிச்... பளிச்...

பாயிடம் சண்டை போட ஆதாரம் வேண்டும் என்று பாக்கெட் நோட்டில் நேரத்தை எழுத ஆரம்பித்தான். இரண்டு அடிக்கும் நடுவே ஆறு செகண்டு. ஒரு செகண்டு கூடவில்லை, குறையவில்லை. பேட்டரி இத்தனை அடிக்குத் தாங்காது. வலது பக்கத்துக்கு இரண்டாவது செட் பேட்டரி போட்டாகிவிட்டது. இடது பக்கம் முதல் செட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

4.00. பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் ஓடுகிற புது ஷெட்டில் டீ சங்கு ஊதியது.

இடது ஃபிளாஷ் நின்றது.

4.10. மறுபடி சங்கு.

பளிச்.

சென்னகிருஷ்ணனின் பேனா நோட்டிலேயே நின்றுவிட்டது. ஆறு செகண்டு. தகடு வை... அழுத்து... எடு. தகடு வை... அழுத்து... எடு. குனிந்து பார்த்தான். அவன் வலது கை அவனைக் கேட்காமலே அசைந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷம் பழகிய கை. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் சரியாக, இல்லாத பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழாம் தூணுக்குப் போனான். தூணை ஒட்டித் தரையில் சதுரமாகப் புது சிமெண்ட். நான்கு மூலையிலும் அறுத்து விட்ட போல்ட் தலைகள். மிஷின் நின்ற இடம்.

ஏணி பிடிக்க வந்த கரியப்பன் அந்தக் கம்பெனியில் பழைய ஆள். எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடி.

"அண்ணா, இங்க என்ன மிஷின் இருந்துச்சு?"

"பிரஸ்ஸு."

"நூறு டன்னா?"

"ம்."

"யாருக்காச்சும் கை போச்சா?"

கரியப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "கையோட போயிருந்தா எங்கனா பெட்டிக்கடை வெச்சுப் பொழச்சிருப்பான்."

"யாரு?"

"போட்டோ எடுக்க வந்தியா, பொணம் எடுக்க வந்தியா? ஏணி வேணுமா வேணாமா சொல்லு."

ஏணியில் ஏறினான். அந்த ஃபிளாஷைக் கழற்றி வீசிவிடலாம் என்றுதான் ஏறினான். ஆனால் கையில் அதுவரை நல்ல படம் பன்னிரண்டுதான் தேறும். ஃபைனல் பாக்கி. ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்தால் பாதி மூஞ்சி இருட்டு. பாஸ்கரன் தூக்கி எறிவார். அப்புறம் பிரஸ்தான். தகடு வை... அழுத்து... எடு.

பயந்தவனும் அவன்தான். கழற்றாமல் இறங்கியவனும் அவன்தான்.

இறங்கும்போது காதோரம் ஒரு மூச்சு. சூடாக. எண்ணெய் வாசனை அடித்தது. கட்டிங் ஆயில். அந்த ஷெட்டில் மிஷினே இல்லை.

6.15. ஃபைனல்.

மழை கூரைத் தகட்டில் கொட்டியது. சோடியம் விளக்கு மஞ்சளாக அழுதது. சென்னகிருஷ்ணன் முட்டி போட்டு உட்கார்ந்தான். அழுத்தினான். பளிச். அழுத்தினான். பளிச். இடது பக்கம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

6.40... அவன் இடது பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

6.47... தூணுக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஜனம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. அந்தச் சிமெண்ட் சதுரம் மட்டும் காலி.

6.52.

கடைசிப் பாட்டு. ஆள் கோட்டைத் தொடத் தாவினான்.

அழுத்தினான்.

டம்.

பளிச்.

சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஜனம் கத்திக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் தரை அதிர்ந்தது, கணுக்கால் வரை.

அதோடு இடது ஃபிளாஷ் நின்றது. ஆட்டம் முடிந்த பிறகும் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் காத்திருந்தான்.

இல்லை.

அன்று இரவே ஃபிலிமைக் கழுவினான். இருபத்தாறு படம் சுத்தமாக விழுந்திருந்தது. வேர்வை தெரிந்தது. முதுகில் ஒட்டிய மண் தெரிந்தது. படத்தில் வேண்டாத ஆள் யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துத் தேடினான். செவ்வாய்க்கிழமை பாஸ்கரன் ஒரு படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இடது பக்கத்து லைட்டு பிரமாதம்யா," என்றார். அங்கேயே ஆர்டர் டைப் அடித்து வந்தது. கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை காலை ஜூஜுவாடி போனான். டப்பாக்களை பாய் முன்னால் வைத்தான்.

"நீங்க சொன்னது சரிதான் பாய். இடது பக்கத்துது தானா அடிக்குது. என்ன கோளாறுன்னு பாருங்க."

ஃபக்ருதீன் பாய் ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது தானா அடிச்சுதா?"

"ஆமா."

"நீ அழுத்துனப்பவும் அடிச்சுதா?"

"ஒரு தடவ தப்பல. இருபத்தாறு படம் பாய்."

பாய் டப்பாவை அவன் பக்கம் திருப்பினார். நடுவில் இரண்டு கால் வைத்த ஒரு சின்னக் குழி. காலியாக இருந்தது. குழிக்குள் சிலந்தி கூடு கட்டி, கூடும் காய்ந்து, மேலே தூசி படிந்திருந்தது.

"இங்க ஒரு கிரிஸ்டல் இருக்கணும். டப்பாவுக்கு அதான் காது. அது இல்லாம நீ அனுப்பற எதுவும் இதுக்குக் கேக்காது."

"நீங்க இப்ப எடுத்தீங்களா?"

"கூட்டப் பாரு. எத்தன வருஷத்துக் கூடு அது?"

சென்னகிருஷ்ணன் பார்த்தான். வெளியே லாரிகள் செக்போஸ்ட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

"அப்ப தானா அடிச்சத விடு," என்றார் பாய், குரலை இறக்கி. "நீ அழுத்துனப்ப அடிச்சது யாரு?"

கேமரா கண் திறந்து மூடுவது ஒரு செகண்டில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. ஃபிளாஷ் அதற்குள் அடித்தால்தான் படம். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் இருட்டு. இருபத்தாறு தடவையும் யாரோ ஏழாம் தூணருகே நின்று, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்து, அந்த இம்மியளவு நேரத்துக்குள் சேர்ந்து அழுத்தியிருக்கிறார்கள்.

அவன் சட்டைப்பையிலிருந்த ஆர்டரை எடுத்து விரித்தான். அதுவரை அவன் முழுதாகப் படித்திருக்கவில்லை.

ஐடி கார்டோடு கபடிப் படத்தையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்குப் போட்டிருந்தது. இடம் என்ற வரியில், பழைய ஷெட் என்று இருந்தது.