வாலாட்டியின் காலில் இருந்த வளையம்

எனக்கு எழுத்துத் தெரியாது. லீவில் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் மகள்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

அவளுக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே லீவு கிடைத்தால் மற்றப் பெண்கள் தங்கக் கடைக்குப் போவார்களாம். இவள் பாலைவனத்துக்குப் போவாள். நாடு விட்டு நாடு போகிற குருவிகளை வலையில் பிடித்து, காலில் சின்ன வளையம் பூட்டிப் பறக்கவிடுகிற முகாம் ஒன்று அங்கே இருக்கிறது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் நாங்களே கொண்டுபோக வேண்டும். அவளைப் பார்க்க நான் போயிருந்த ஐப்பசியில், என்னைக் கேளாமலே என் பெயரையும் தொண்டராகப் பதிந்துவிட்டாள்.

"நான் அங்க வந்து என்னத்தைச் செய்யிறது?"

"சும்மா வாங்கோ அம்மா. வீட்டில இருந்தா நாள் முழுக்க சீரியல்தானே பாப்பியள்."

போனேன். கடலே இல்லாத மணலை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிற மணலுக்குக் கடல் என்று ஒரு முடிவு உண்டு. அந்த மணலுக்கு முடிவே இல்லை. கழிப்பறையின் கதையை விடுவோம், மகள் எழுத மாட்டாள்.

வலையிலிருந்து எடுத்த குருவியைச் சீலைப் பையில் போட்டு வாயைக் கட்டித் தருவார்கள். அதை மேசைக்குக் கொண்டுபோவது என் வேலை. பையில் பாரமே இருக்காது, சூடு மட்டும் இருக்கும். உள்ளே நெஞ்சு படபடவென்று அடிப்பது விரலுக்குத் தெரியும். சந்தோசத்தில் நான் ஓடுவதைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா நடவுங்கோ, விழப்போறியள்" என்று மகள் கத்துவாள்.

முகாமை நடத்தியவர் என் வயதுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மூன்றாம் நாள் காலை, மஞ்சள் வயிறு உள்ள ஒரு வாலாட்டிக் குருவிக்கு வளையம் பூட்டினார். அதன் காலை என் பக்கம் திருப்பி, வளையத்தில் இருந்த எழுத்தையும் இலக்கத்தையும் வாசிக்கும்படி கையைக் காட்டினார். மகள் கொப்பியோடு எழுதக் காத்திருந்தாள்.

"கண்ணாடி மறந்திட்டன்" என்றேன். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் இத்தனை வருடமாக என்னைக் காப்பாற்றிய வார்த்தை அது. மகள் அதை இங்கிலீசில் சொன்னதும், அந்தப் பெண்மணி தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார்!

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இனி என்ன செய்யப் போறியள்?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லு."

சொன்னாள். அந்தப் பெண்மணி "ஓ" என்று தலையாட்டிவிட்டுத் தானே வாசித்தார். பிறகு குருவியை என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவுதான். குருவி இரண்டு தரம் வாலை ஆட்டிவிட்டுப் பறந்தது.

"இனி இது எங்க போய்ச் சேருதெண்டு எப்படித் தெரியும்?" என்று மகளைக் கேட்டேன்.

"ஆரும் கண்டெடுத்து, வளையத்தில உள்ளதை எழுதி அனுப்பினாத்தான் தெரியும். அநேகமா ஒருத்தரும் அனுப்புறேல்ல. ஒண்டு வந்தாலே அண்டைக்கு இவவுக்குத் தீபாவளி."

அப்படி ஒரு வளையம் முன்பு ஒருநாள் என் கையில் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, மழை விட்ட ஒரு காலையில், எங்கள் பிளாட் பல்கனியில் இதே மாதிரி ஒரு வாலாட்டி செத்துக் கிடந்தது. காலில் வளையம், அதில் பொடி எழுத்து. கத்தரிக்கோல் நுனியால் கழற்றி எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கீழே முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடை வாசலில்தான் கவனித்தேன், கண்ணாடி என் மூக்கில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"என்ன அம்மா, கையில என்ன?" என்று நானா கேட்டார்.

"ஒண்டுமில்லை நானா. கொத்தமல்லி நூறு கிராம் தாங்கோ."

கொத்தமல்லியோடு மரைன் டிரைவ் ரோட்டைக் கடந்து, ரயில் பாதையையும் தாண்டிப்போய், வளையத்தைக் கடலில் எறிந்தேன்.

இதைப் பாலைவனத்திலேயே மகளிடம் சொன்னேன். ஏன் எறிந்தேன் என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன். இலக்கம் போட்ட சாமான் வீட்டில் இருந்தால் பொலிஸ் கேட்கும் என்ற யுத்தகாலத்துப் பழைய பயம் என்றேன். அவள் நம்பினாள். கொழும்பில் இருந்த தமிழர் யாருக்கும் அது நம்பக்கூடிய காரணம்தான். அந்தப் பெண்மணிக்கு அதைக்கூடச் சொல்ல மகளை விடவில்லை. எங்கேயோ அவரைப் போல ஒருத்தி, அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு இன்னும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகள் இப்போது பேனையை வைத்துவிட்டாள்.

"அப்ப பொலிஸ் பயம் எண்டது?"

"பொய். வெக்கத்திலதான் எறிஞ்சனான்."

"இதையும் எழுதட்டோ?"

"எழுது. அந்த வளையத்தில என்ன இருந்தது எண்டதைத்தான் இனி ஒருத்தராலயும் எழுத ஏலாது."