கறுத்துப்போன ரசீது

மலைப்பூண்டு விதையை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிடுவது மேல்மலைக்காரர்களின் பழக்கம். புகை படும் இடத்தில் பூஞ்சணம் அண்டாது. அந்த நினைப்பில்தான் மேடத்தின் தபால் ரசீதையும் பூண்டுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் குத்தி வைத்தேன்.

மேடம் ஆஸ்திரேலியாவில் டாக்டர். அட்டுவம்பட்டியில் இருக்கும் அவருடைய பங்களாவைப் பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் இருக்கும் இரண்டு அறையில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். பங்களாவில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வாடகை தருபவரே அதில் வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டுமாம். பிடித்தது அதிகம் என்றால் வருடா வருடம் கணக்குக் காட்டித் திரும்பக் கேட்கலாம். மேடத்திடம் ஆதார் இல்லாததால் அந்தக் கணக்கை ஆன்லைனில் உறுதிசெய்ய முடியாது; அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் பெங்களூரில் இருக்கும் வருமான வரி ஆபீசுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். லீவுக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

“அண்ணே, அந்தத் தாள் இன்னும் வந்து சேரலன்னு ஆடிட்டர் சொல்றாரு. நாள் தாண்டிட்டா ரீஃபண்டு சிக்கலாயிரும். அனுப்புன ரசீத போட்டோ எடுத்து அனுப்புங்க.”

“பத்திரமா இருக்கு மேடம்” என்றேன்.

ஸ்டூலில் ஏறிக் கம்பியை எடுத்தேன். ரசீது கரித்தாள் போல இருந்தது. எழுத்து இல்லை, எண் இல்லை, முழுக்கக் கறுப்பு. எனக்கு முன்னால் இங்கே இருந்த காவல்காரர் ஒரு பதிவுத் தபாலைத் தொலைத்தார் என்று, மேடத்தின் அப்பா அவரை ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னவர். ஊரில் என் பங்கு நிலத்தை விற்று வருடங்கள் ஆகின்றன. எங்களுக்குப் போக இடமில்லை.

“பூண்டையும் காயிதத்தையும் ஒண்ணாத் தொங்கவிட்ட ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் மனைவி. “வெரசா போன் போட்டுச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்ல? அனுப்பவே இல்லன்னு நெனப்பாக.”

“அப்ப ஒளிஞ்சே கெடங்க.”

அப்படித்தான் கிடந்தேன். போனை அரிசி டின்னுக்குள் வைத்தேன். அங்கிருந்தும் அது அடிப்பது கேட்டது. வாசலில் ஜீப் நின்றால், எங்களைக் காலி செய்யச் சொல்ல யாரோ வந்துவிட்டார்கள் என்று கதவிடுக்கில் நின்று பார்த்தேன். உண்மையிலேயே அனுப்பினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ரசீதையும் டின்னிலிருந்த போனையும் எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை வெளியே நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னண்ணே இது, அடுப்புல சுட்டீங்களா?”

“பொகையில வச்சேன்.”

“சூடு பட்டாலே கறுத்துப்போற காயிதம் இது. நம்பர் இல்லாம பாக்க முடியாதே.”

ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

“நில்லுங்க. அனுப்புறப்ப போன் நம்பர் குடுத்தீங்களா? மெசேஜ் வந்திருக்குமே.”

போனைக் கொடுத்தேன். எனக்கு வரும் மெசேஜெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நான் திறப்பதே இல்லை. அவர் வெகு நேரம் தள்ளிக்கொண்டே போனார். “ஏண்ணே, ஒரு மூட்ட கெடக்கு, ஒண்ணக்கூடத் தொறக்கலையா?” பிறகு போனை என் பக்கம் திருப்பினார். அனுப்பிய அன்று ஒரு மெசேஜ், நம்பரோடு. ஐந்தாம் நாள் இன்னொன்று, பெங்களூரில் கொடுத்தாயிற்று என்று. இரண்டு மாதமாக அது என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது.

நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். படியில் நின்று அந்தச் சீட்டையும் கறுத்த ரசீதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். எனக்கு டைப் செய்ய வராது. குரலைப் பதிந்து அனுப்பினேன்: “பத்திரமா இருக்குன்னு சொன்னது பொய்யாப் போச்சு மேடம். பொகையில வச்சுக் கெடுத்துட்டேன்.”

மத்தியானம் வரை பதில் இல்லை. போன் அடித்ததும் எடுத்தேன்.

“ஆடிட்டர் தப்பா போன வருஷக் கணக்கப் பாத்துட்டு வரலன்னு சொல்லிட்டாராம்ணே. இந்த வருஷத் தாள் அப்பவே சேந்திருச்சு. அதுக்கு ஏன் மூணு நாளா போன எடுக்கல?”

“பயந்துட்டேன் மேடம்” என்றேன்.

“சரி, அடுத்த வருஷம் ரசீது வாங்குன கையோட போட்டோ எடுத்துருங்க. பொகையில வேணாம்.”

அதன்பிறகு ரீஃபண்டைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு ‘அடுத்த வருஷம்’ என்றது மட்டும்தான் காதில் நின்றது.