இரைச்சலை ஜெயித்த தொண்டை

பிள்ளைப்பாக்கம் கன்னியப்பனுக்குக் கடவுள் தொண்டையை வஞ்சகமில்லாமல் கொடுத்தான். மூளையைக் கொடுக்கும்போதுதான் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டான் என்பாள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலி. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அதெல்லாம் அந்தக் காலம்.

தெருக்கூத்தில் கன்னியப்பனுக்குத் திரௌபதி வேஷம். மீசையை வழித்து, புடவை கட்டி, சவுரியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றானானால் மைக் எதற்கு? மற்ற ஊர்த் திரௌபதிகள் மேல்ஸ்தாயி வந்ததும் குரலைச் சன்னமாக்கிப் பதுங்குவார்கள். இவன் பதுங்கமாட்டான். அடிவயிற்றிலிருந்து முழுக்குரலையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைப்பான். வைத்தது ஆடாமல் நிற்கும். ஆர்மோனியக்காரர் நாகப்பன் அந்தக் கூத்து ஜமாவுக்கே வாத்தியார். யாரையும் லேசில் புகழாத மனுஷன். அவரே சொல்வார்: "அஞ்சரைக் கட்டைல தெறந்த தொண்டையா பாட்றவன் இந்த ஜில்லாவுல இவன் ஒர்த்தன்தான்."

அந்தக் குரல் சும்மா வரவில்லை. இந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் ஏரிக் கலங்கலுக்கு எதிரே நின்று பாடிப் பழகுவார்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் ஹோவென்று விழும். அந்த இரைச்சலை மீறித் தன் பாட்டு தன் காதில் விழுகிற வரைக்கும் பாட வேண்டும். கன்னியப்பன் பதினைந்து வயதிலேயே அந்த இரைச்சலை ஜெயித்தவன்.

தொண்ணூற்றெட்டில் அவன் நிலமும் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். கன்னியப்பன் தயங்கினான். பாஞ்சாலி விடவில்லை.

"கூத்தாடிக்கினே கெடந்தா பொண்ணு வாயில மண்ணுதான். ஒயுங்கா கெளம்பு. ஊர்ல திருவிழா வந்தா லீவு போட்டு ஆடிக்கோ" என்றாள்.

போனான். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வண்டிக்கதவாக வளைக்கிற ராட்சச மெஷின்கள். ஒரு அடி விழுந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். முதல் நாள் ஷிப்ட் முடிந்து வந்தவன் முகத்தில் களைப்பையே காணோம்.

"அடியே, கலங்கல்லாம் கெட்டுது போ! இன்னா சத்தம்ன்ற! அதுக்கு எதுர்ல நின்னு பாட்னா, தொண்ட எங்கியோ போய்டும்."

பாவி, சொன்னபடியே செய்தான். காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் இயர் பிளக் கொடுத்திருந்தார்கள். அதை அடைத்தால் தன் பாட்டு தனக்கே சரியாகக் கேட்கவில்லையாம். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மாட்டிக்கொள்வான். அந்தப் பக்கம் போனதும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெஷின் அடிக்க அடிக்க அதற்கு மேலே குரலை ஏற்றுவான். வருஷக்கணக்கில் இதுதான் சாதகம். குரலும் வளர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. ஐம்பதாள் குரலாக வளர்ந்தது. காது என்ன ஆகும் என்று அந்தப் புத்திசாலி ஒருநாளும் யோசிக்கவில்லை. கலங்கலில் பாடி எவனுக்குக் காது செவிடானது?

குக்கர் விசில் அவனுக்குக் கேட்காமல் போனதைத்தான் பாஞ்சாலி முதலில் கவனித்தாள். பிறகு டீவியை அலறவிட்டான். எதைக் கேட்டாலும் "இன்னா? இன்னா?" என்றான். அந்த வருஷத் திருவிழாவில் அவன் வாயைத் திறந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் போயிற்று. குரலென்றால் சின்னக் குரலா? அத்தனை பெரிய குரல் தப்பில் நின்றால், தப்பும் அத்தனை பெரிதாகத்தானே கேட்கும்! கூட்டம் முதலில் முழித்தது. அப்புறம் சிரித்தது. விசில் பறந்தது. கன்னியப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஏற்றினான்.

மறுநாள் நாகப்பன் வீட்டுக்கே வந்தார். கன்னியப்பன் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"உன் வூட்டுக்காரனுக்குக் காது பூட்ச்சி. தெரிமா?"

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் மாமா. அவருகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா அப்பவே வேலைய வுட்ருவாரு. தொண்டைக்குன்னா அவரு சோத்தையே வுட்ருவாரு. பொண்ணு படிச்சிக்கினு கீது, வூடு பாதில நிக்குது..."

நாகப்பன் வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? கம்பெனிப் பசங்கல்லாம் இவன் பாட்டக் கேக்கத்தான் வரானுங்க. கூட்டம் கூட்னா எனக்கு வேணாமா? நீயும் சொல்லாத, நானும் சொல்லல."

அப்படி இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள், அவன் காதை.

இரண்டு வருஷம் போயிற்று. இரண்டாயிரத்து நாலு சித்திரையில் பாரதக் கூத்து நடந்து, கடைசி நாள் படுகளம். பட்டப்பகலில், ஏரிக்கரை மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கப் போட்டிருந்தார்கள். திரௌபதி அவன் மார்மேல் ஏறி நின்று பாடி, சபதம் முடித்துக் கூந்தலை முடிய வேண்டும். முடிகிற வரைக்கும் வேறு யாரும் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது, புடவையில் ரூபாய் நோட்டுக் குத்த வருகிறவர்களைத் தவிர. அது ஊர்க்கட்டு.

கன்னியப்பன் ஏறி நின்று எடுத்தான். எடுத்த எடுப்பிலேயே சுருதி எங்கேயோ போய்விட்டது. நாகப்பன் பின்பாட்டுக்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மத்தளமும் நின்றது. இவனுக்குத் தெரியவில்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றை ஆளாய், கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டே இருந்தான்.

அவன் லைனில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டி உள்ளே ஓடிப்போய்ப் புடவையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்தி, கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான். "அண்ணாச்சி, பத்தாது! இன்னும் ஏத்துங்க!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. கன்னியப்பன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவன் கண்ணும் கலங்கிற்று. இன்னும் ஏற்றினான்.

பாஞ்சாலி பக்கத்தில் மகள் சசிகலா தாவணி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பாவம், பெற்ற அப்பனாயிற்றே, அழுகிறது பிள்ளை என்று நினைத்துப் பாஞ்சாலி அவள் முதுகைத் தடவினாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலி ஊர்க்கட்டையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. களத்துக்குள் ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்யா. வா."

"இன்னா?"

"போதும், வூட்டுக்கு வாய்யா!"

"கேக்கல. வுடு, முடிச்சிட்டு வரேன். ஜனம் எப்பிடி அழுவுது பாரு!"

அவன் காதோடு வாயை வைத்து அவள் கத்தினாள். "அழுவலய்யா! சிரிக்கிறாங்க! உனக்குக் காது பூட்ச்சி! சுருதியே இல்லாம பாடிக்கினு கீற!"

அவ்வளவு பெரிய குரல் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. மைதானத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. சிரிப்பு நின்றது. கன்னியப்பன் திரும்பி நாகப்பனைப் பார்த்தான். அவர் கை அவசரமாக மடியிலிருந்து ஆர்மோனியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரிமா?" என்றான் பாஞ்சாலியிடம். மெதுவாகத்தான் கேட்டான்.

அவள் தலையசைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "வருசம்" என்று வாயசைத்தாள். அவன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண் துரியோதனன் மேலிருந்து இறங்கி, விரித்த சவுரியோடு வீட்டைப் பார்த்து நடந்தான். கூத்து நிற்குமா? நாகப்பன் இன்னொருவனுக்குப் புடவை கட்டிவிட்டுக் கூந்தலை முடித்தார்.

அந்த வாரம் முழுக்க பாஞ்சாலி பயந்துகொண்டே இருந்தாள். வேலையை விட்டுவிடுவானோ, விட்டுவிடுவானோ என்று. அவன் விடவில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முதல் ஆளாகக் கிளம்பினான். இன்றுவரைக்கும் ஒருநாள் மட்டம் போட்டதில்லை. வீடும் கட்டி முடிந்தது.

இப்போது இயர் பிளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டுதான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறான், முகம் கழுவுகிறான், சாப்பிட உட்காருகிறான். அதை மட்டும் கழற்றுவதில்லை. மீதியிருக்கிற காதில் பாஞ்சாலி கத்தினால் கொஞ்சம் கேட்கும். அதுவும் கேட்கக் கூடாது என்றுதான் மாட்டியிருக்கிறான். குழம்பு ஊற்றும்போது அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், உதட்டைப் பார்த்துவிடாமல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறான்.