மஞ்சள் காயுமுன் லாலான் வெட்டியவள்

“வெளிய என்னடி சத்தம்?”

“உங்கண்ணன் வீரமுத்துவுக்குக் கால்ல அடி. புல்லு வெட்டுறப்போ பழைய கம்பித் துண்டு தெறிச்சிருச்சு.”

“ஆழமா?”

“இல்ல. எங்கப்பா மருந்து போட்டுட்டாரு. ஆனா மத்தவங்க பயந்து புல்வெட்டியக் கீழ போட்டுட்டாங்க.”

“அப்ப மாப்பிள்ளை வீட்டு லோரி?”

“இன்னிக்குள்ள ரோட்டோரப் புல்ல வெட்டி இறக்கலன்னா நாளைக்கு வெளி லோரி உள்ள வரக்கூடாதாம். போலீஸ் சார்ஜன் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.”

“நல்லா இருக்குலா! மாப்பிள்ளை அவரு ஊரு கெமாஸ்லயே நிக்கட்டும். நான் இங்கேருந்து கழுத்த நீட்டுறேன்.”

சொன்ன வேகத்தில் மணப்பெண் பஞ்சாலை நலங்கு மணையை விட்டு எழுந்துவிட்டாள். பேச்சுத் துணைக்கு உட்கார்ந்திருந்த பெட்ரிசியா பதறிப்போனாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பெர்னார்டின் மகளான அவளுக்குத் தமிழும் தெரியும், கான்வென்ட் ஆங்கிலமும் தெரியும். ஒருவரைத் தடுத்து நிறுத்த மட்டும் எந்த மொழியிலும் வாய் வராது.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தின் நடுவருடங்கள் அவை. ரெம்பாவ் பக்கத்து அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே சாலையோரம் லாலான் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குள் எவன் துப்பாக்கியோடு படுத்திருந்தாலும் தெரியாது. சார்ஜனுக்கு அந்தக் கவலை, பஞ்சாலைக்குக் கல்யாணக் கவலை.

தாய் மயிலம்மாள் வாசலை மறித்தாள். “நலங்கு வச்ச பொண்ணு இரும்பத் தொடக்கூடாதுடி!”

“இரும்ப எங்கம்மா தொடுறேன்? பிடி மரம்தானே!”

லயமே சிரித்தது. மயிலம்மாளும் சிரித்துவிட்டாள், அத்தோடு அவள் தோற்றாள்.

சிறுமியாகப் புல்வெட்டு வேலைக்கு வந்ததிலிருந்து பஞ்சாலை இப்படித்தான், வாயும் கையும் சேர்ந்தே ஓடும். சேலையை மடித்துச் செருகி அண்ணனின் நீளக்கால்சட்டையை மாட்டி, முழங்காலுக்குக் கீழே கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள். உடனே வெட்ட இறங்கவில்லை. ஒரு கம்பால் புல்லை விலக்கிக்கொண்டே நடந்து, கிடந்த கம்பியையும் கல்லையும் தகர டின்னையும் பயந்து நின்ற ஆட்களைப் பொறுக்கச் சொன்னாள். பெட்ரிசியாவும் குனிந்து பொறுக்கினாள்.

“மாமா, நீங்க அந்தப் பக்கம் தள்ளுங்க. எட்டி வீசினாலும் அடுத்த ஆள் மேல படக்கூடாது,” என்றாள் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியிடம்.

“கல்யாணப் பொண்ணு மண்டோரையே வேலை வாங்குது!”

“சம்பளம் நாளைக்குப் பந்தியில வாங்கிக்குங்க. பாயசம் ரெண்டு கிண்ணம்!”

நீளப்பிடிப் புல்வெட்டியை அவள் தோளுக்கு மேல் ஓங்கவே இல்லை. கால்களை அகட்டி ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வலமிருந்து இடமாகத் தாழ வீசினாள். முதல் வீச்சில் மேல்பாதி சாய்ந்தது, அடுத்ததில் அடிப்பாகம். களைப்பு தெரிந்ததும் நிறுத்தி, அலகைத் தரையில் ஊன்றாமல் கீழே படுக்க வைத்தாள். யாராவது கிட்டே வந்தால் முன்பக்கமாக வந்து குரல் கொடுக்க வேண்டும். அதுவரை அவள் கை ஓடும், கூப்பிட்டதும் நிற்கும். மற்றவர்களும் அவள் வீச்சைப் பிடித்துக்கொண்டார்கள். யார் காலிலும் எதுவும் தெறிக்கவில்லை.

வெயில் சாயும்போது சாலை வளைவு வரை வெளிச்சமாகத் தெரிந்தது. சார்ஜன் நடந்து பார்த்துத் தலையாட்டினார். “போலே,” என்றார். வரலாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கே வீரமுத்து கட்டுப்போட்ட காலோடு ஒரு குதி குதித்தான்.

மறுநாள் காலையில் லோரி பாட்டுச் சத்தத்தோடு கேட்டுக்குள் நுழைந்தது. பந்தலில் மணப்பெண்ணாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பஞ்சாலை, மாப்பிள்ளை வந்து அமருமுன் பெட்ரிசியாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏய், சீக்கிரம் மோந்து பார்த்துச் சொல்லு. என் மேல இன்னும் புல்லு வாசம் அடிக்குதா?”