சுருங்காத நெற்றி

“எனக்கு இப்பக் கோவமுங்க, தெரிஞ்சுக்குங்க” என்று அறிவித்துவிட்டுத்தான் குழந்தையம்மாள் கோபப்படுவார். எங்கள் ஊரான கணபதியில் அவருக்குக் கிரைண்டர் கடை. சொன்ன நாளில் மோட்டார் அனுப்பாத வியாபாரி எதிரே நின்று இளித்துக்கொண்டிருப்பார்; இந்த அம்மாளின் நெற்றியோ கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும். வியாபாரிக்குப் புரிய வேண்டாமா? ஆச்சரியத்துக்கும் இதே ஏற்பாடுதான். பக்கத்து வீட்டுக்காரியான நான் தெருவில் யாரோ ஓடிப்போன கதையை மூச்சுவாங்கச் சொன்னால், “எனக்குப் பயங்கர ஆச்சரியம் கண்ணு, மேல சொல்லு” என்பார். புருவம் ஒரு நூல் ஏறாது.

எல்லாம் போட்டாக்ஸ் ஊசியின் வேலை. சினிமாக்காரர்கள் முகச் சுருக்கம் போகப் போட்டுக்கொள்வது என்றுதான் ஊரில் பேச்சு. அதே மருந்துதான். ஆனால் குழந்தையம்மாள் போட்டுக்கொள்வது ஒற்றைத் தலைவலிக்கு. மாதத்தில் பாதி நாள் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் கிடந்தவர் அவர். வெளியே ஒரு டம்ளர் உருண்டால் போதும், வாந்திதான். மாத்திரைகள் கைவிட்ட பிறகு நரம்பு டாக்டர் நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்னந்தலை, கழுத்து என்று பொடிப்பொடியாக ஊசி போட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். வலி முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் கடை திறந்திருக்கிறது. சுருக்கம் போனது இலவச இணைப்பு.

கல்யாண வீடுகளில் பெண்கள் அவரை ஓரங்கட்டி, “ஏனுங்க்கா, எந்தப் பார்லருங்க?” என்று கேட்பதுண்டு. அசராமல் நரம்பு டாக்டரின் விலாசத்தைக் கொடுத்துவிடுவார். அங்கே போய் எத்தனை பேர் முழித்தார்களோ.

பெருந்துறையில்தான் இந்த நெற்றி சிக்கலை இழுத்துவிட்டது. மகள் வர்ஷினியைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கே. வர்ஷினியின் மாமனார் திடீரென்று இறந்துபோனார். குழந்தையம்மாள் ஊசி போட்டுக்கொண்ட மறுவாரம் அது. சேதி கேட்டதும் கடையைப் போட்டது போட்டபடி ஓடினார். சம்பந்தியம்மா ராசாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதார். எங்கள் பக்கத்தில் பெண்கள் துக்கம் கேட்பது அப்படித்தான். யார் எப்படி அழுதார்கள் என்பதை அக்கம்பக்கம் கவனித்து வைத்துக்கொள்ளும். குழந்தையம்மாளுக்குக் கண்ணீர் வழிந்தது, நெற்றி மட்டும் நெளியவில்லை. “வெசனமே இல்லீங்க அந்த மூஞ்சில. சம்பந்தி சாவுக்கு ஊசி போட்டு மினுக்கிட்டு வந்திருக்குது” என்று யாரோ ஒருத்தி ராசாத்தாளின் காதில் போட்டுவிட்டாள். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

ராசாத்தாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். இவர் போன் செய்தால் வர்ஷினியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தலைவலிக்கு வைத்தியம் என்று வர்ஷினி எடுத்துச் சொன்னாள். “தலவலி யாருக்குத்தாங் கண்ணு இல்ல?” என்று பதில் வந்தது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண், அதற்கு மேல் என்ன பேசுவாள்?

குழந்தையம்மாள் செய்ததுதான் பெரிய கூத்து. முதல் வருஷத் திவசம் நெருங்கும்போது ஊசியை நிறுத்திவிட்டார். “அந்த மனுசன் எம்புள்ளைய மகளாட்ட வெச்சிருந்தாரு கண்ணு. நாம்படற வெசனம் இந்தத் தடவ நெத்தியில தெரியட்டும்” என்றார். நான் திட்டித் தீர்த்தேன். கேட்கவில்லை. மருந்தின் வேகம் குறையக் குறைய நெற்றியில் கோடுகள் திரும்பின. கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சுளித்துப் பார்த்து, திருப்திப்பட்டுக்கொண்டார். கோடுகளுக்குப் பின்னாலேயே வலியும் வந்தது. ஷட்டர் மறுபடி இறங்கியது.

திவசத்தன்று துணைக்கு நான்தான் போனேன். சாம்பிராணிப் புகையும் பாத்திரச் சத்தமும் பந்திக்கு முன்பே அவரைச் சாய்த்துவிட்டன. பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஏதோ எடுக்க உள்ளே வந்த ராசாத்தாள் அந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இதுக்குங்களா அந்த ஊசி?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமாங்க.”

“அப்பறம் ஏனுங் போடாம வந்தாங்க?”

காரணத்தைச் சொன்னேன். அவர் நேரே வெளியே போய், “பாத்திரத்தையெல்லாம் அக்கட்டால கொண்டுபோய்க் கழுவுங்க, சத்தமே வரப்படாது” என்று அதட்டிவிட்டு, ஈரத்துண்டோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். பந்தி அவர் இல்லாமலே நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஊசிக்குத் துணையாக ராசாத்தாளே காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நானும் விடாமல் ஒட்டிக்கொண்டு போனேன். குழந்தையம்மாள் மல்லாந்து படுத்திருக்க, சம்பந்தியம்மா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நல்லா நெறையாப் போடுங்க டாக்டருங்க, கஞ்சம் புடிக்காதீங்க” என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஊசி இறங்கும்போதெல்லாம் முகம் சுளித்தது ராசாத்தாள்தான். குழந்தையம்மாள் படுத்தபடியே இன்னொரு கையை நீட்டி, அவர் புருவங்களின் நடுவே விழுந்த மடிப்பைக் கட்டைவிரலால் மெல்ல நீவிவிட்டார்.